டிகிரி வாங்காத புரொபசர்

இந்த செமஸ்டர் டைம்டேபிளை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. திங்கட்கிழமை மேனேஜ்மென்ட். செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கண்ணு சொக்குற நேரமாப் பார்த்து, சமூகவியல் எலெக்டிவ். வெள்ளிக்கிழமை டிசைன் திங்கிங். மூணுக்கும் மூணு நோட்டு, மூணு ஸ்டாஃப், மூணு இன்டர்னல். கோர் சப்ஜெக்டுக்கே நேரம் பத்தல, இதெல்லாம் எதுக்குடான்னு நீங்களும் ஒருநாள் கேட்டிருப்பீங்க. நானும் கேட்டவன்தான். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி ஹெட்டிங்கை மட்டும் மனப்பாடம் பண்ணி, ஸ்கேல் வச்சு அடிக்கோடு போட்டு, பாஸ் ஆகி, ஒரு வாரத்துல மறந்தும் போனவன்.

போன வருஷம் டிசைன் பேப்பருக்கு எங்க டீம் எடுத்த தலைப்பு இளம்பிள்ளை விசைத்தறி. அது எங்க அம்மாயி ஊரு. சின்ன வயசுல லீவுக்குப் போனா தறிச் சத்தத்துலதான் தூக்கமே வரும். அந்தத் தைரியத்துல, ஹாஸ்டல் ரூமை விட்டு வெளிய வராமலே ஒரு ஆப் டிசைன் பண்ணி முடிச்சோம். ஒவ்வொரு சேலை முடிஞ்சதும் நெசவாளர் போன்ல ஒரு பட்டனை அமுக்கணும், கணக்கு ஓனருக்குப் போயிடும். ஸ்லைடெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. ரிவ்யூவுக்கு வந்த எக்ஸாமினர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஒரு ஆள் எத்தனை தறியைப் பார்ப்பார், அதுல எந்தக் கை எப்போ சும்மா இருக்கும்? டீம்ல அஞ்சு பேர். ஒருத்தருக்கும் தெரியல. அம்மாயி வீட்டுல பத்து வருஷம் லீவுக்குத் தூங்கின எனக்கும் தெரியல.

அந்த மார்க்கைப் பத்தி இங்க பேசப் போறதில்ல. அதுக்கப்புறம் லைப்ரரில வேற எதையோ தேடும்போது கிடைச்ச ஒரு மனுஷனைப் பத்தித்தான் பேசப் போறேன். பேர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். நகர அமைப்புன்னு இன்னைக்கு உலகம் பூரா நடத்துற பாடத்துக்கு அஸ்திவாரம் போட்டவங்கள்ல ஒருத்தர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தோட சமூகவியல் துறையில முதல் பேராசிரியர். 1915ல நம்ம தஞ்சாவூர்லயும் மதுரையிலயும் சந்து சந்தா நடந்து திரிஞ்சவர். இவர் எந்தப் பல்கலைக்கழகத்துலயும் படிச்சு முடிச்சு ஒரு டிகிரிகூட வாங்கினதில்ல.

1854 அக்டோபர் 2ஆம் தேதி பிறந்தார். (காந்தி பிறந்த அதே தேதி, பதினஞ்சு வருஷம் முன்னாடி.) அப்பா ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுல அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. பெர்த் என்கிற சின்ன நகரத்துல, மலைச்சரிவுல இருந்த வீடு. பையன் வளர்ந்தது பாதி தோட்டத்துல, பாதி மலையில. அப்பா சொன்னாரேன்னு ஒன்றரை வருஷம் பேங்க்ல வேலை பார்த்தார். பிறகு 1874ல எடின்பரோ பல்கலைக்கழகத்துல தாவரவியல் படிக்கச் சேர்ந்தார். ஒரே வாரம். செடியை உசுரோட பார்க்காம, காய வச்சதைப் பேர் சொல்லி அடுக்குற படிப்பு ஒத்துவரலன்னு கிளம்பிட்டார்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிடறேன். இதைப் படிச்சிட்டு டிஸ்கன்டின்யூ பண்ண ஐடியா போடாதீங்க. அவர் கிளம்பிப் போனது வீட்டுக்கு இல்ல. லண்டனுக்கு, தாமஸ் ஹக்ஸ்லிகிட்ட. டார்வினுக்காக ஊர் பூரா சண்டை போட்டுக்கிட்டிருந்த அந்தக் காலத்துப் பெரிய உயிரியல் ஆள் அவர். அங்க பரிசோதனை மேசையில உட்கார்ந்து, நத்தை வகை உயிரினங்களோட வாய் அமைப்பை அறுத்துப் பார்த்தப்போ, ஹக்ஸ்லி எழுதி வச்சிருந்ததே தப்புன்னு கெடிஸ் கண்டுபிடிச்சார். ஹக்ஸ்லி கோபப்படல. மாணவன் பேர்லயே அதைக் கட்டுரையா வெளியிட வச்சார். அப்படி ஒரு கைடு கிடைச்சா, டிகிரி இல்லாட்டியும் படிப்பு வந்துடும்.

அப்புறம் பிரான்ஸ். கடல் உயிரினங்களை ஆராயப் போன இடத்துல, ஃப்ரெடெரிக் லெ ப்ளே என்பவரோட சிந்தனை அவரைப் பிடிச்சுக்கிச்சு. இந்த லெ ப்ளே யாருன்னு கேட்டா நீங்க ஆச்சரியப்படுவீங்க. அவர் சுரங்க இன்ஜினீயர். ஐரோப்பா பூரா சுரங்கம், உலைன்னு வேலையாப் போன மனுஷன், போன இடத்துல எல்லாம் தொழிலாளி வீட்டுல உட்கார்ந்து, என்ன சம்பாதிக்கறாங்க, எதுக்குச் செலவு பண்றாங்க, அடுப்புல என்ன வேகுதுன்னு கணக்கு எழுதினார். 1855ல அதைப் பெரிய புத்தகமாவும் போட்டார். சமூகத்தைப் புரிஞ்சுக்க மூணு விஷயம் பார்க்கணும்னார்: இடம், வேலை, குடும்பம். சமூகவியல் எலெக்டிவ் நமக்குச் சம்பந்தமில்லாததுன்னு நினைக்கிறப்போ, அதோட முன்னோடிகள்ல ஒருத்தர் ஒரு இன்ஜினீயர்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கங்க. கெடிஸ் அந்த மூணையும் எடுத்து, குடும்பத்துக்குப் பதிலா மக்கள்னு மாத்திக்கிட்டார்.

1879ல மெக்சிகோவுக்கு ஆராய்ச்சிக்குப் போன இடத்துல கண்ணு போயிடுச்சு. இருபத்தஞ்சு வயசு. மைக்ரோஸ்கோப்பை நம்பி வாழ்க்கையை வச்சிருந்தவர். வாரக்கணக்கா இருட்டு அறையில கண்ணைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். படிக்க முடியாது, எழுத முடியாது. ஒருநாள் கை ஜன்னலைத் தடவினப்போ, சட்டத்துல கட்டம் கட்டமாக் கண்ணாடி. அந்தக் கட்டத்துக்கு ஒரு விஷயம், இந்தக் கட்டத்துக்கு இன்னொண்ணுன்னு விரலால தொட்டுத் தொட்டு யோசிக்க ஆரம்பிச்சார். பார்வை பிறகு திரும்பி வந்தது. ஆனா முழுசா நம்ப முடியாத கண்ணு. மைக்ரோஸ்கோப் வாழ்க்கை கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு. மிஞ்சினது அந்தக் கட்டம். சாகிற வரைக்கும் அவர் பையில மடிச்ச பேப்பர் இருந்துக்கிட்டே இருந்தது. அதை அவர் யோசிக்கிற மெஷின்னே சொல்லுவார்.

மெஷின்னதும் பெருசா நினைக்காதீங்க. ஒரு ஏ4 பேப்பரை நீளத்துல மூணா, அகலத்துல மூணா மடிங்க. ஒன்பது கட்டம். மேல இடது மூலையில இருந்து கீழ வலது மூலைக்குக் குறுக்கா மூணு கட்டத்துலயும் இடம், வேலை, மக்கள்னு எழுதுங்க. மீதி ஆறு கட்டம் காலியா இருக்கும். விஷயமே அந்த ஆறுலதான். இடம் வேலையை என்ன செய்யுது? வேலை இடத்தை என்ன செய்யுது? வேலை மக்களை, மக்கள் வேலையை? ஒவ்வொண்ணும் ஒரு கட்டம். இளம்பிள்ளையை வச்சு நான் பூர்த்தி பண்ணிப் பார்த்தேன். வேலை இடத்தை என்ன செய்யுது: வீட்டோட முன்பக்கம் தறிக்கொட்டாய், சமையல் பின்னாடி, சத்தம் சுவரைத் தாண்டும், அதனால பேசுறவங்க எல்லாருமே உரக்கப் பேசுவாங்க. வேலை மக்களை என்ன செய்யுது: தார் சுத்துறது வயசானவங்க, பாவு பிணைக்கிறதுக்குத் தனியா ஆள், தறி ஓட்டுறவங்க இன்னொருத்தர். ஒரு சேலைக்குப் பின்னாடி எத்தனை கை. இந்தப் பேப்பரை ரிவ்யூவுக்கு முன்னாடி மடிச்சிருந்தா அந்த பட்டன் ஐடியாவை நாங்களே கிழிச்சுப் போட்டிருப்போம்.

கெடிஸ் கதைக்கு வர்றேன். எடின்பரோவுக்குத் திரும்பி, தாவரவியல் லேப்ல டெமான்ஸ்ட்ரேட்டரா இருந்தார். பெரிய பதவிகளுக்கு விண்ணப்பம் மேல விண்ணப்பம் போட்டார், எதுவும் கிடைக்கல. ஒரே துறையில நிக்காத ஆளுக்கு யார் பதவி கொடுப்பாங்க? கடைசியா 1888ல, அவருக்காகவே ஒரு நண்பர் பணம் போட்டு டண்டீயில ஒரு தாவரவியல் பேராசிரியர் பதவியை உண்டாக்கினார். வருஷத்துல கோடைக்காலம் மூணு மாசம் பாடம் எடுத்தா போதும். மீதி ஒன்பது மாசம் ஊரைச் சரி பண்ணப் போயிடுவார்.

1886ல ஆனா மார்ட்டனைக் கல்யாணம் பண்ணியிருந்தார். இசை தெரிஞ்ச பெண், வசதியான வியாபாரக் குடும்பம். கல்யாணமான கொஞ்ச நாள்லயே ரெண்டு பேரும் எடின்பரோவோட பழைய நகரத்துல, மழைத்தண்ணியும் சாக்கடையும் நாத்தமுமா இருந்த ஜேம்ஸ் கோர்ட் என்கிற குடியிருப்புக்குக் குடிபோனாங்க. வெளிய இருந்து வந்து உபதேசம் பண்ணல, அங்கேயே குடித்தனம் நடத்தினாங்க. முற்றத்தைக் கழுவுறது, சுவருக்கு வெள்ளையடிக்கிறது, ஜன்னல்ல பூச்சட்டி வைக்கிறது. அக்கம்பக்கத்துக்காரங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. இடிஞ்ச வீட்டை மட்டும் எடுத்துட்டு, நிக்கிற வீட்டைப் பழுது பார்த்தாங்க. 1887ல அங்கேயே மாணவர் விடுதி ஒண்ணு ஆரம்பிச்சார். அதுல வார்டன் கிடையாது. செலவு, விதி, மெஸ் எல்லாம் பசங்களே பேசி முடிவு பண்ணணும். நம்ம ஹாஸ்டலை நினைச்சுக்கிட்டு இதைப் படிச்சா கொஞ்சம் வயிறு எரியும், தெரியும்.

1892ல ஒரு பழைய கோபுரக் கட்டடத்தை வாங்கி 'அவுட்லுக் டவர்' ஆக்கினார். முதல்ல நேரா உச்சிக்கு ஏறணும். அங்க கேமரா அப்ஸ்குரா வழியா ஊர் முழுக்க ஒரு வெள்ளை மேசை மேல அசையும். அதுக்குக் கீழ்த்தளத்துல எடின்பரோ, அதுக்குக் கீழ ஸ்காட்லாந்து, இறங்க இறங்க ஐரோப்பா, கடைசியில உலகம். உலகத்துல இருந்து ஊருக்கு வர்ற படிப்பைத் தலைகீழாத் திருப்பி, ஊர்ல இருந்து உலகத்துக்கு இறங்கவிட்டார்.

சரி, மேனேஜ்மென்ட் எங்கன்னு கேட்பீங்க. சொல்லித்தான் ஆகணும்: அதுல அவர் பலவீனமான ஸ்டூடண்ட். ஒரு வேலை முடியுறதுக்குள்ள மூணு வேலை ஆரம்பிப்பார். கட்டடம் வாங்கி வாங்கிக் கடன் கழுத்து வரைக்கும் வந்தது. 1896ல நண்பர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, சொத்துகளை அவர் கையில இருந்து வாங்கி நிர்வாகம் பண்ண வேண்டியதாப்போச்சு. வீட்டுக் கணக்கு, விருந்தாளி, விடுதி, கடிதம் எல்லாத்தையும் தாங்கினது ஆனா. பேசுறதுன்னா நாள் பூரா பேசுவார், அதுவும் தாடிக்குள்ள முணுமுணுத்து. எழுத்தும் சுலபமா இருக்காது. அவரோட சிந்தனை உலகத்துக்குப் போனதுல பாதிப் புண்ணியம், அவரைச் சகிச்சுக்கிட்டவங்களுக்குத்தான் சேரும்.

1914. சென்னை மாகாண கவர்னரா இருந்த பென்ட்லண்ட் பிரபு, கெடிஸோட நகரக் கண்காட்சியை இங்க கொண்டுவரச் சொன்னார். பல வருஷமாச் சேர்த்த வரைபடம், படம், திட்டம் எல்லாம் கப்பல்ல ஏறிச்சு. அந்தக் கப்பல் எம்டன் கண்ணுல மாட்டிச்சு. ஆமா, அதே எம்டன்தான். செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல குண்டு போட்டு, இன்னைக்கும் கெட்டிக்காரனைப் பார்த்து அவன் ஒரு எம்டன்னு சொல்ல வச்ச ஜெர்மன் போர்க்கப்பல். கெடிஸோட வாழ்நாள் சேகரிப்பு கடலுக்கு அடியில போயிடுச்சு. அவரோ அறுபது வயசைத் தொட்டாச்சு. நண்பர்கள் பிரிட்டன்ல அவசர அவசரமா வேற படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ்ல கண்காட்சி திறந்தது. கடற்கரைச் சாலையில இன்னைக்கும் நிக்கிற அதே கட்டடம். அடுத்த தடவை போனா நின்னு பாருங்க.

கண்காட்சியோட நிக்கல. மாகாணத்து ஊர்களைப் பார்த்து அறிக்கை எழுதக் கிளம்பினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில நகராட்சி ஒரு திட்டம் வச்சிருந்தது. நெருக்கமா இருக்கிற பழைய வீடுகளுக்கு நடுவுல ஸ்கேல் வச்சு நேரா தெரு போடுறது. பேப்பர்ல சுத்தமா இருக்கும். கெடிஸ் பேப்பரை வச்சிட்டு சந்துக்குள்ள போனார். ஒவ்வொரு வீடா பார்த்தார். இது நல்லா இருக்கு, இது பழுது பார்த்தா போதும், இது இடிஞ்சது. இடிஞ்சதை மட்டும் எடுத்தா அங்கங்க சின்னச் சின்ன வெட்டவெளி கிடைக்கும். ஒண்ணுல மரம், ஒண்ணுல கிணத்தடி, ஒண்ணுல பிள்ளைங்க விளையாடுற இடம். சந்தைக் கொஞ்சம் அங்கங்க அகலப்படுத்தினா காத்து வரும். நேர்கோட்டுத் திட்டத்துல காலி பண்ற குடும்பங்கள் எங்க போகும்? பக்கத்துச் சந்துல இன்னும் நெருக்கிக்கிட்டு உட்காரும். நெருக்கடி தீராது, இடம் மட்டும் மாறும். அவரோட வழியில செலவும் ரொம்பக் கம்மி, வீடு இழக்கிறவங்களும் கம்மி. மதுரையிலயும் இதே முறைதான். டாக்டர் மாதிரி, முதல்ல நாடி பிடிக்கணும், பிறகுதான் கத்தி. அதுவும் சின்னக் கத்தி. கன்சர்வேட்டிவ் சர்ஜரின்னு அதுக்குப் பேர் வச்சார்.

குளத்தைத் தூர்க்கிற விஷயத்துலயும் அதிகாரிகளோட மோதினார். கொசு வருது, மூடிடலாம்னு சுகாதாரத் துறை சொன்ன இடத்துல, மீன் விட்டா கொசுப்புழுவைத் தின்னுடும், குளம் வெயிலைத் தணிக்கும், வெள்ளத்தையும் வாங்கிக்கும்னு வாதாடினார். இதைச் சொன்னது நூறு வருஷத்துக்கு முன்னாடி. நம்ம பக்கத்துல எத்தனை ஏரி பஸ் ஸ்டாண்டாவும் ஆபீஸாவும் மாறியிருக்குன்னு நீங்களே எண்ணிக்கங்க.

1917 அவரை உடைச்ச வருஷம். மூத்த மகன் அலஸ்டேர், அப்பாவோட சென்னைக் கண்காட்சிக்கு வந்து வேலை பார்த்த பையன், பிரான்ஸ் போர்முனையில இறந்துட்டான். அதே சமயத்துல ஆனா இந்தியாவுல காய்ச்சலாப் படுத்திருந்தார். செய்தியை அவர்கிட்ட சொல்ல கெடிஸுக்கு மனசு வரல. மகன் இருக்கிறதா நினைச்சுக்கிட்டே அவர் ஜூன் மாசம் கண்ணை மூடினார். சில வாரத்துக்குள்ள ரெண்டு சாவு, அதுல ஒண்ணை யார்கிட்டயும் சொல்லி அழக்கூட முடியாத நிலை.

அந்த வருஷமே இந்தூருக்குப் போனார். ஊர்ல பிளேக். தெருவுல நடந்தா ஜனங்க இவரைச் சந்தேகமாப் பார்க்கறாங்க. வீட்டை இடிக்க வந்த வெள்ளைக்காரன்னு. கெடிஸ் மகாராஜாகிட்ட ஒருநாள் அதிகாரம் கேட்டு வாங்கினார். தீபாவளி ஊர்வலம் இந்த வருஷம் வழக்கமான வழியில போகாது, எந்தத் தெரு நல்லாச் சுத்தம் பண்ணிப் பழுதுபார்த்து வச்சிருக்கோ அந்த வழியாத்தான் போகும்னு அறிவிச்சார். அவ்வளவுதான். ஊரே விளக்கமாத்தைத் தூக்கிடுச்சு. வண்டி வண்டியாக் குப்பை வெளிய போச்சு. ஊர்வலத்துல அழுக்கு அரக்கன் உருவம், பிளேக் எலி உருவம், பின்னாடி லட்சுமி. துப்புரவுத் தொழிலாளிங்க புது வெள்ளைத் துணி போட்டு, மாலையோட, ஊர்வலத்துல நடந்தாங்க. ஜனங்க எதுக்குத் தலை அசைப்பாங்கன்னு தெரிஞ்சுக்கிறது சமூகவியல், ஊர்வலப் பாதையை மாத்தினது டிசைன், காசு செலவில்லாம ஊரையே வேலை செய்ய வச்சது மேனேஜ்மென்ட். கணக்குல கோட்டைவிட்ட அதே ஆள்தான்!

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1919ல கூப்பிட்டப்போ 65 வயசை நெருங்கிட்டார். சுவர் பூரா வரைபடமும் சார்ட்டும் மாட்டிய அறையில வகுப்பு. வகுப்பு முடிஞ்சா ஊருக்குள்ள நடை. மனப்பாடத் தேர்வு அவருக்கு ஆகவே ஆகாது. அவர் வகுப்புல இருந்து இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்ட ஒரு மாணவர் ஜி.எஸ்.குர்யே, பிறகு அந்தத் துறையையே பல வருஷம் நடத்தினவர், ஆனா குருவோட வழியில போகாம சாதி ஆராய்ச்சின்னு தன் வழியில போனவர். கெடிஸ் இன்னொரு பக்கம் ஜகதீஷ் சந்திர போஸோட வாழ்க்கை வரலாற்றை எழுதினார், 1920ல வந்தது. 1923ல அமெரிக்காவுல லூயிஸ் மம்ஃபோர்டைச் சந்திச்சப்போ, இறந்த மகன் முகம் அவர்கிட்ட தெரியுதுன்னு தோளைப் பிடிச்சுக் கண் கலங்கினார். சீடனா வர நினைச்ச இளைஞனுக்கு அது பெரிய சங்கடம். இருந்தாலும் கெடிஸ் பேரை உலகத்துக்குக் கொண்டுபோனது மம்ஃபோர்டோட புத்தகங்கள்தான். தன் மகனுக்கே கெடிஸ்னு பேர் வச்சார்.

1925ல டெல் அவிவ் நகரத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். கடைசிக் காலம் பிரான்ஸ்ல மான்பெல்லியே ஊர்ல, சொந்தமாக் கட்டின ஒரு கல்லூரியில. 1932 ஏப்ரல் 17ல அங்கேயே இறந்தார்.

அவரைத் தலையில தூக்கி வச்சு ஆடச் சொல்லல. இந்தியாவுல அவர் எழுதின அறிக்கைகள்ல நிறைய அலமாரியில தூங்கிச்சு. நகராட்சி இன்ஜினீயர்களை நேருக்கு நேர் கிண்டல் பண்ணின ஆளுக்கு அவங்க எதுக்கு ஒத்துழைப்பாங்க? அதோட, கவர்னரும் மகாராஜாவும் கூப்பிட்டு வந்தவர் அவர். சந்துல குடியிருந்தவங்க பேச்சைக் கேட்டார், சரி. முடிவெடுக்கிற நாற்காலி அவங்க கையில இல்லாததை அவர் பெருசா எதிர்க்கல. இதையும் கட்டத்துல எழுதணும்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கு. கெடிஸ் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைவார். மலை உச்சியில ஆரம்பிச்சு கடல் வரைக்கும் ஒரே சரிவு. மேல சுரங்கக்காரர், மரம்வெட்டி, வேட்டைக்காரர், இறங்கினா ஆட்டிடையர், விவசாயி, கடைசியில மீனவர். நிலம் வேலையைத் தீர்மானிக்கும், வேலை ஊரைத் தீர்மானிக்கும். நம்ம பக்கத்துக்கு நான் வரைஞ்சு பார்த்தேன். சேர்வராயன் மேல காப்பியும் மிளகும். அடிவாரத்துல மேக்னசைட் சுரங்கம். கஞ்சமலையில இரும்புத் தாது, பக்கத்துல உருக்காலை. சமவெளியில மரவள்ளிக் காடும் சேகோ ஆலையும். இளம்பிள்ளையில தறி. சங்ககிரியில சுண்ணாம்புக்கல்லும் லாரியும். திருச்செங்கோட்டுல போர்வெல் வண்டி. கடைசியில காவிரி, பரிசல்காரர். காப்பி அங்க ஏன், தாது இங்க ஏன்னு நிலத்தைப் பார்த்தே சொல்லிடலாம். தறி ஏன் இளம்பிள்ளையிலன்னு மட்டும் நிலத்தைப் பார்த்துச் சொல்ல முடியல. யார் எங்கிருந்து வந்து முதல் தறி போட்டாங்க, யார் நூல் கொடுத்தாங்க, விசைத்தறி வந்தப்போ யார் தாக்குப்பிடிச்சாங்க? அதுக்கு மக்கள் கட்டத்துக்குப் போகணும்.

அம்மாயிகிட்ட போன்ல கேட்டேன். இதையெல்லாம் எதுக்குடா கேக்கற, மார்க்கு போடுவாங்களான்னாங்க. இந்த செமஸ்டர் எங்க டீம் அதே தலைப்பைத் திரும்ப எடுத்திருக்கு, இந்தத் தடவை ஆப் கிடையாது. ஞாயித்துக்கிழமை தறி நிக்கும், பேசினா காது கேக்கும், அன்னைக்கு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. மடிச்ச பேப்பர்ல மூணு கட்டம் இன்னும் காலி. வர்றவங்க காலையில பஸ்ஸுக்கு ஹாஸ்டல் வாசல்ல நில்லுங்க. பேப்பர் நான் கொண்டாந்துடறேன், பேனா மட்டும் எடுத்துக்கங்க.